டைம்ஸ் நியூ ரோமனில் கணிதம் இல்லை

தில்லிப் பல்கலைக்கழக வடக்கு வளாகத்தை ஒட்டிய பட்டேல் செஸ்ட் பகுதியிலும், தெற்கே பேர் சராய், கட்வாரியா சராய் சந்துகளிலும் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து, நகலெடுத்து, அட்டை கட்டித் தரும் கடைகள் நிறைந்துள்ளன. அங்குள்ள எந்தத் தட்டச்சரைக் கேட்டாலும் விதியை மனப்பாடமாக ஒப்பிப்பார்: டைம்ஸ் நியூ ரோமன், 12 புள்ளி, 1.5 வரி இடைவெளி. இந்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் ஆய்வேட்டு வழிகாட்டுதல்கள் இந்த ஒற்றை வரியைத்தான் சிற்சில மாற்றங்களுடன் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஓரம் எத்தனை அங்குலம், அட்டை என்ன நிறம், முதுகில் எந்த எழுத்து என்பன வரை வகுத்துரைக்கும் இவ்விதிகளில், கணிதச் சூத்திரம் எந்த எழுத்துருவில் அமைய வேண்டும் என்பதற்குப் பெரும்பாலும் ஒரு சொல்கூட இருப்பதில்லை.

வரலாறு பயிலும் மாணவருக்கு இந்த மௌனத்தால் இழப்பு ஏதும் இல்லை. கணிதம், புள்ளியியல், இயற்பியல், பொருளியல் ஆகிய துறைகளின் மாணவருக்கோ இதுவே பட்டம் பெறும் தறுவாயில் வந்து நிற்கும் தடையாகிறது. ஐந்தாறு ஆண்டு உழைப்பு முடிந்த பின்னர், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் வாரத்தில், அவர் தேற்றங்களைச் சரிபார்ப்பதை நிறுத்திவிட்டு எழுத்துருக் கோப்புகளைத் தேடி அலைகிறார். இதை மாணவரின் கணினி அறியாமை என்று சிரித்து ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. உண்மையில் இது விதியை எழுதியவர்களின் அறியாமை.

அடிப்படைச் செய்தி எளிது. உரைநடையில் எழுத்துரு மாறினால் தோற்றம் மாறும். கணிதத்தில் எழுத்துரு மாறினால் பொருள் மாறும். புள்ளியியல் ஆய்வேட்டில் தடித்த பீட்டா என்பது கெழுக்கள் அனைத்தும் அடங்கிய திசையன். மெல்லிய பீட்டா என்பது அவற்றுள் ஒரு தனி எண். இயற்கணித ஆய்வேட்டில் சாதாரண ‘ஜி’ ஒரு குலத்தைக் குறித்தால், பழைய ஜெர்மானிய வடிவிலான ‘ஜி’ அக்குலத்தின் லீ இயற்கணிதத்தைக் குறிக்கும். குவாண்டம் இயற்பியலில் நேரெழுத்து ‘எச்’ ஒன்று, சுழியெழுத்து ‘எச்’ வேறொன்று. இவ்வேறுபாடுகள் அலங்காரம் அல்ல என்பதை உலகத் தரமே ஏற்றுக்கொண்டுள்ளது. 2001-இல் வெளிவந்த ஒருங்குறியின் 3.1 பதிப்பு, ஒரே எழுத்தின் தடித்த, சாய்ந்த, சுழித்த, இரட்டைக்கோட்டு வடிவங்களுக்கெனத் தனித்தனிக் குறியெண்களை, ஏறத்தாழ ஆயிரம் இடங்களை, ஒதுக்கித் தந்தது. தில்லியின் தேர்வுப் பிரிவுகளுக்கு அச்செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

விதி போற்றும் எழுத்துருவின் வரலாற்றையேனும் அவர்கள் அறிந்திருக்கலாம். லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழுக்காக மோனோடைப் நிறுவனத்தில் ஸ்டான்லி மோரிசனின் மேற்பார்வையில் உருவாகி, 1932 அக்டோபர் 3 அன்று முதன்முதலாக அவ்விதழில் அச்சேறியது அது. குறுகிய பத்திகளில் நிறையச் சொற்களை அடக்குவதே அதன் நோக்கம். அதில் தொகையீட்டுக் குறிக்கு வேலை இல்லை. ஈய எழுத்துக் காலத்திலேயே அந்த மோனோடைப் நிறுவனம் கணித நூல்களை அச்சிட வேண்டி வந்தபோது, இருக்கும் டைம்ஸ் போதும் என்று விட்டுவிடவில்லை. 1950களின் பிற்பகுதியில் கணிதத்துக்கென்றே தனி எழுத்துத் தொகுதியையும் நான்கு வரி அடுக்கு முறையையும் உருவாக்கியது. எழுத்துருவைப் படைத்தவர்களுக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே விளங்கிய ஒன்று, அதைக் கட்டாயமாக்குபவர்களுக்கு இன்றும் விளங்கவில்லை.

லேட்டெக் முறைமையில் எழுதும் மாணவர் இவ்விதிக்குக் கீழ்ப்படிய முயலும்போது நேர்வதைப் பார்க்கலாம். மூத்த மாணவர் ஒருவரிடமிருந்து வழிவழியாக வந்த வார்ப்புருக் கோப்பில் ‘டைம்ஸ்’ என்னும் பழைய சிப்பத்தை அழைக்கும் ஒரு வரி இருக்கும். அது உரையை மட்டும் டைம்ஸுக்கு மாற்றும். சூத்திரங்கள் டொனால்ட் கனூத் வடிவமைத்த கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துருவிலேயே நிற்கும். கறுத்துச் செறிந்த உரைக்கு நடுவே மெலிந்த சூத்திரங்கள் வேற்றூரார் போல் தனித்துத் தெரியும். அதைச் சரிசெய்ய ‘மேத்பிடிஎம்எக்ஸ்’ சிப்பத்தை அழைத்தால் எழுத்துகள் பொருந்தும். ஆனால் அதில் கணிதக் குறிகளுக்கும் கிரேக்க எழுத்துகளுக்கும் தடித்த வடிவம் இல்லை. மாணவர் தடித்த பீட்டாவைக் கேட்பார். மெல்லிய பீட்டா அச்சாகும். எச்சரிக்கை ஒன்று பதிவுக் கோப்பின் ஆழத்தில் கிடக்கும். திசையன் எண்ணாகிவிட்டதை ஆய்வேடு கட்டாகி வந்த பிறகே அவர் காண்பார். விதியைப் பின்பற்றியதால் ஆய்வேட்டில் பிழை புகுந்தது.

இன்னொரு மாணவர் புதிய வழியை நாடி, ஸீடெக் அல்லது லுவாடெக் வழியாக டைம்ஸ் நியூ ரோமனையே கணித எழுத்துருவாகவும் அறிவித்துப் பார்க்கலாம். அது நடவாது. கணித எழுத்துரு என்பது எழுத்துகளின் குவியல் மட்டும் அன்று. கனூத்தின் டெக் முறைமை, குறிகளுக்கான எழுத்துருவிடம் குறைந்தது 22 அளவுகளைக் கேட்கிறது. பெரிய அடைப்புகள் முதலியவற்றுக்கான எழுத்துருவிடம் 13 அளவுகளைக் கேட்கிறது. பின்னத்தின் மேலெண் எவ்வளவு உயர வேண்டும், கீழெண் எவ்வளவு தாழ வேண்டும், அடுக்குக்குறி எங்கே நிற்க வேண்டும், பின்னக்கோட்டின் தடிப்பு என்ன என்பன அவற்றில் உள்ளன. அவை இல்லையேல் டெக் பிழைச் செய்தி தந்து அச்சூத்திரத்தையே நீக்கிவிடும். இதே வகைத் தகவலை எழுத்துருவுக்குள்ளேயே ஓர் அட்டவணையாக வைக்கும் முறையை மைக்ரோசாப்ட் 2007-இல் கேம்பிரியா மேத் எழுத்துருவுடன் பரவலாக்கியது. டைம்ஸ் நியூ ரோமனில் அந்த அட்டவணை இல்லை. இல்லாத ஒன்றைக் கட்டாயப்படுத்தும் விதிக்கு எவரும் கீழ்ப்படிய இயலாது. கீழ்ப்படிந்ததாக நடிக்கத்தான் முடியும்.

அப்படியானால் வேர்டு செயலியில் எழுதிவிட்டால் சிக்கல் இல்லை என்பது அலுவலகங்களின் வாடிக்கையான மறுமொழி. வேர்டின் சமன்பாட்டுக் கருவியைத் திறந்து பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும்: உரை எந்த எழுத்துருவில் இருந்தாலும் சூத்திரம் இயல்பாகக் கேம்பிரியா மேத் எழுத்துருவிலேயே அமையும். அதாவது, விதியை மீறிய ஆய்வேடுகள் ஆண்டுதோறும் அதே மேசையில் அதே முத்திரையுடன் ஏற்கப்பட்டு வருகின்றன. வேர்டில் மீறினால் கண்ணுக்குத் தெரிவதில்லை. லேட்டெக்கில் மீறினால் மட்டும் ‘எழுத்து வேறாக உள்ளது’ என்று திருப்பி அனுப்பப்படுகிறது. விதியின் உண்மையான உள்ளடக்கம் எழுத்துரு அன்று, பழக்கம்.

தமிழருக்கு இச்சிக்கல் புதிதன்று. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதத்தை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்து, ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையைக் கண்டு திகைத்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அக்கோப்பில் தமிழ் என்றுமே இருந்ததில்லை. தமிழ் எழுத்துருவின் முகமூடியில் மட்டுமே இருந்தது. தஸ்கி, டாம், டாப் என்று குறியாக்கங்கள் பெருகி, ஓர் அலுவலகத்தின் ஆவணத்தை அடுத்த அலுவலகம் படிக்க முடியாத நிலை நீடித்தது. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றதற்குப் பின்னால் இந்தப் பட்டறிவு இருந்தது. எழுத்தின் அடையாளம் கோப்பில் இருக்க வேண்டும், எழுத்துருவில் அன்று என்பதே அன்று கற்ற பாடம்.

இன்று பல ஆய்வேடுகளின் கணிதம் அந்தப் பாமினி நிலையில்தான் இருக்கிறது. வெளிக்கோட்டு எழுத்துரு கணினியில் நிறுவப்படாதபோது, டெக் முறைமை முறையிடாமல் புள்ளிப்பட எழுத்துருவை அப்போதைக்கு உருவாக்கிக்கொள்ளும். அச்சில் வேறுபாடு தெரியாது. பிடிஎஃப் கோப்பிலோ ஒவ்வோர் எழுத்தும் அடையாளமற்ற சிறு படமாகச் சேமிக்கப்படும். அதில் தேடினால் சொல் கிடைக்காது. நகலெடுத்தால் கழித்தல் குறி காணாமற் போகலாம், இரட்டைக்கோட்டு எழுத்து வேறொன்றாகலாம். இத்தனைக்கும் கம்ப்யூட்டர் மாடர்னின் தரமான வெளிக்கோட்டு வடிவங்கள் 1997-இலேயே அமெரிக்கக் கணிதக் கழகத்தின் வழியாக இலவசமாகக் கிடைக்கத் தொடங்கிவிட்டன. கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தீர்வு இருந்தும் குறை நீடிப்பதற்குக் காரணம் ஒன்றே: சமர்ப்பிக்கும் மேசையில் எவரும் அதைச் சோதிப்பதில்லை. அங்கே அளவுகோலை வைத்து ஓரத்தை அளக்கிறார்கள்.

இதனால் யாருக்கு என்ன கேடு என்று கேட்பவர்கள், பார்வையற்ற மாணவரை எண்ணிப் பார்க்க வேண்டும். திரைவாசிப்பு மென்பொருள், கோப்பில் உள்ள குறியெண்ணைத்தான் படிக்கும், படத்தைப் படிக்காது. கழித்தல் குறி தொலைந்த சூத்திரம் அவருக்கு வேறொரு சூத்திரம். தில்லியின் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் எம். பாலகிருஷ்ணன் முன்னெடுத்த அசிஸ்டெக் ஆய்வகம், பார்வையற்றோருக்கான ஸ்மார்ட்கேன் கைத்தடியை 2014-இல் வெளிக்கொணர்ந்தது. தொட்டுணரும் வரைபடங்களுக்கு வழிவகுத்தது. அதே நகரத்தில், ஒரு கணித ஆய்வேடு செவிக்கு எட்டுமா என்று கேட்கும் விதி ஒன்றேனும் உண்டா? மின்னணு வடிவ உள்ளடக்கம் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு. சட்டம் கேட்பதை விட்டுவிட்டு, எவரும் கேளாத டைம்ஸ் நியூ ரோமனைக் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன அலுவலகங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் ஆய்வேட்டின் மின்வடிவத்தைக் கட்டாயமாக்கின. காந்திநகரிலுள்ள இன்ப்லிப்நெட் நடத்தும் சோத்கங்கா களஞ்சியத்தில் இன்று பல லட்சம் ஆய்வேடுகள் சேர்ந்துள்ளன. மின்வடிவம் கட்டாயம் என்றானபோது, அந்த மின்வடிவத்தின் தரமும் வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். மாறாக, அச்சுத் தாளுக்கு எழுதப்பட்ட விதி அப்படியே மின்கோப்புக்கும் மாற்றப்பட்டது. விளைவாக, நாட்டின் கணித ஆய்வில் ஒரு பகுதி தேட முடியாத, எடுத்தாள முடியாத, கேட்க முடியாத வடிவில் சேமிக்கப்படுகிறது.

உரிமம் பற்றிய முரண் இதனினும் வேடிக்கையானது. டைம்ஸ் நியூ ரோமன் தனியார் உடைமை. விண்டோஸ், மேக் ஆகியவற்றுடன் வரும், லினக்ஸுடன் வாராது. ஒன்றிய அரசு 2015-இல் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை இதே தில்லியிலிருந்து அறிவித்தது. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அரசு ஆதரவுடனேயே வளர்ந்தது. அந்த லினக்ஸில் ஆய்வேடு எழுதும் மாணவர், அரசுப் பல்கலைக்கழகத்தின் விதியை நிறைவேற்ற ஒரு தனியார் எழுத்துருவைத் தேடிப் போக வேண்டும். கிடைக்கும் இடம் எதுவோ, அங்கிருந்து இறக்கிக்கொள்கிறார். கருத்துத் திருட்டுக்கு மென்பொருள் வைத்துச் சோதிக்கும் நிறுவனங்கள், எழுத்துருத் திருட்டுக்குத் தாமே வழிகாட்டுகின்றன.

திறமை இந்நாட்டில் இல்லாமலில்லை. தில்லி மெட்ரோவின் நீலத் தடத்தில் ஏறினால் போய்ச்சேரும் நொய்டாவிலும், சென்னையிலும், புதுச்சேரியிலும், திருவனந்தபுரத்திலும் உலகின் கணித, அறிவியல் இதழ்கள் அன்றாடம் அச்சுக்கோக்கப்படுகின்றன. எல்ஸ்வியர் இதழ்களுக்குக் கட்டுரை எழுதும் உலக ஆய்வாளர்கள் பயன்படுத்தும் லேட்டெக் வார்ப்புரு திருவனந்தபுரத்தில் எழுதப்பட்டது. அந்நகரில் 1998-இல் இந்திய டெக் பயனர் குழு தொடங்கியது. 2002, 2011, 2025 ஆகிய ஆண்டுகளில் உலக டெக் பயனர் மாநாடுகள் நடந்தன. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை, 30 பதிப்பகங்களின் இதழ்களை மூன்றாண்டுகளுக்கு நாடு முழுதும் படிக்க 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. இந்தியக் கைகள் அச்சுக்கோத்த சூத்திரங்களைப் படிக்க இவ்வளவு செலவிடும் நாடு, தன் மாணவர் எழுதும் சூத்திரம் பழுதின்றி அமைய ஒரு விதிவரியைத் திருத்தத் தயங்குவது ஏன்?

குற்றம் அலுவலகத்தார் மீது மட்டும் இல்லை. லேட்டெக் அறிந்தோரின் செருக்குக்கும் பங்கு உண்டு. எழுத்துரு நிறுவலை ஒரு தீட்சை போலக் கருதி, ‘பட்டுத் தெரிந்துகொள்’ என்று இளையோரை விட்டுவிடுவது துறைகளில் பழகிப்போன ஒன்று. ஆய்வகக் கணினியில் நிருவாகி உரிமை இல்லாத மாணவர், யாரோ சொன்னபடி ‘அப்டேட்மேப்’ கட்டளையைத் தம் பயனர் கணக்கில் இயக்குகிறார். அன்றைக்கு எழுத்துரு வேலை செய்யும். ஆனால் அவர் கணக்கில் உருவாகும் தனிப் பட்டியல், பின்னர் முறைமையில் சேரும் எழுத்துருக்கள் அனைத்தையும் அவரிடமிருந்து மறைத்துவிடும். ஆறு மாதம் கழித்துக் காரணம் தெரியாத பிழை தோன்றும். இதனால்தான் டெக் லைவ் தொகுப்பினர் 2017 முதல், முறைமைக்கா பயனருக்கா என்று சொல்லாமல் அக்கட்டளையை இயக்கவே முடியாதபடி செய்தனர். இத்தகைய அடிப்படைச் செய்திகள் முனைவர் பட்ட வகுப்புப் பாடத்தில் ஒரு பிற்பகலில் கற்பிக்கத் தக்கவை. ‘ஆய்வு நெறிமுறை’ என்ற தாளில் மேற்கோள் முறைகளுக்கு இருக்கும் இடத்தில் பாதியேனும் இதற்குத் தரலாம்.

சீர்மை வேண்டாமா என்பது இறுதியாக எழும் கேள்வி. வேண்டும். உச்ச நீதிமன்றமும் 2020-இல் மனுக்களுக்கு ஏ4 தாள், டைம்ஸ் நியூ ரோமன், 14 புள்ளி என்று வகுத்தது. மனுக்களில் தொகையீடுகள் வருவதில்லையாதலால் அங்கே அது பொருந்தும். ஆய்வேட்டில் சீர்மை வேண்டுமெனில், உரைக்கும் சூத்திரத்துக்கும் இடையேதான் முதலில் அது வேண்டும். அதற்கான கருவிகள் கையருகே உள்ளன. அமெரிக்கக் கணிதக் கழகம் உள்ளிட்ட அறிவியல் பதிப்பாளர்கள் 1995-இல் தொடங்கி, 2010-இல் முதற்பதிப்பாக வெளியிட்ட ஸ்டிக்ஸ் எழுத்துரு டைம்ஸின் சாயலிலேயே அமைந்தது. 2016-இல் அதன் இரண்டாம் வடிவம் வந்தது. போலந்து டெக் குழுவின் டெர்மெஸ் கணித எழுத்துருவும், மைக்கேல் ஷார்ப் உருவாக்கிய நியூடிஎக்ஸ் சிப்பமும் அதே சாயலின. மூன்றும் இலவசம், மூன்றும் டெக் லைவ் முழுத் தொகுப்பில் உள்ளவை, தடித்த பீட்டாவைத் தடித்தே தருபவை.

ஆகவே, தில்லியின் பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டியவை பெரியவை அல்ல.

முதலாவது, விதியைத் திருத்துதல்: ‘டைம்ஸ் அல்லது அதையொத்த எழுத்துரு, அதற்குப் பொருந்தும் கணித எழுத்துருவுடன்; எழுத்துருக்கள் அனைத்தும் கோப்பினுள் பொதியப்பட்டு, உரை தேடத்தக்கதாக இருத்தல் வேண்டும்.’ இதற்குக் குழுவும் வேண்டாம், நிதியும் வேண்டாம்.

இரண்டாவது, கணினி மையங்கள் டெக் லைவ் முழுத் தொகுப்பை முறைமை அளவில் ஒரு முறை நிறுவி, ஆண்டுதோறும் புதுப்பித்தல். சில ஜிகாபைட் இடம் போதும். ஒருவர் செய்ய வேண்டிய வேலையை நூறு மாணவர் தனித்தனியே, தவறாகச் செய்வது ஒழியும்.

மூன்றாவது, சமர்ப்பிப்பு மேசையில் அளவுகோலுக்குப் பதில் ஒரு சோதனை. ‘பிடிஎஃப்ஃபாண்ட்ஸ்’ என்னும் இலவசக் கருவி, ஒரு கோப்பிலுள்ள ஒவ்வோர் எழுத்துருவின் வகையையும், அது பொதியப்பட்டுள்ளதா என்பதையும், ஒருங்குறி இணைப்பு உள்ளதா என்பதையும் நொடியில் பட்டியலிடும். எழுத்தருக்குக் கணிதம் தெரிய வேண்டியதில்லை. ‘ஆம், இல்லை’ என்ற இரு சொற்களைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

நான்காவது, பிடிஎஃப் உடன் மூலக் கோப்பையும் பெற்றுக் களஞ்சியத்தில் வைத்தல். சூத்திரங்களை வாசிப்புக் கருவிகளுக்குப் புரியும்படி குறியிட்டுத் தரும் பணியில் லேட்டெக் திட்டக் குழு சில ஆண்டுகளாக ஈடுபட்டுள்ளது. மூலம் இருந்தால் இன்றைய ஆய்வேட்டை நாளை செவிக்கு உரியதாக மாற்றலாம். வெறும் படம் மட்டும் இருந்தால் அது இயலாது.

இந்நான்கும் நடவாதவரை, ஒவ்வோர் ஆண்டும் ஒரு கணித மாணவர் பட்டேல் செஸ்ட் கடையொன்றின் முன், அட்டை கட்டிய ஆய்வேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, திசையன் ஒன்று வெறும் எண்ணாக அச்சாகியிருப்பதைக் கண்டு நிற்பார். மேசைக்கு அப்பால் இருப்பவர் ஓரத்தை அளந்து, எழுத்துரு சரியாக உள்ளது என்று முத்திரை வைப்பார்.